ஜவுளிக்கடை ஸ்விட்சில் தம்பி சொல்ல நான் அடித்த வரிகள்

சின்னவனே.

வீட்டில் உன்னை அப்படித்தான் கூப்பிட்டோம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று, ஆஸ்பத்திரி பைலில் நர்ஸ் தப்பாக எழுதிவிட்ட பெயர் ஒன்று என்று மூன்று இருந்தும், சின்னவனே என்றால்தான் நீ திரும்பிப் பார்ப்பாய். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் அம்மா அழுகிறாள். அதனால் வீட்டில் சொல்வதில்லை. இங்கே ஒரு தடவை கூப்பிட்டுக்கொள்கிறேன்.

மற்றவர்களுக்கு இனிமேல்தான் சொல்ல வேண்டும். அவன் என் தம்பி. எனக்கு மூன்று வயது இளையவன். எங்கள் ஊர் கண்டமங்கலம் பக்கம். அவன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவன். கடை, ஆபீஸ், ஸ்கூல் என்று எங்கே கூப்பிட்டாலும் போய் கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்துக் கொடுப்பான். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, சொந்தமாகத்தான் செய்தான். நான் பத்தாவதில் கணக்கில் பெயில். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அவனுக்கு இருபத்திரண்டு வயதில் இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் பாண்டிச்சேரியில் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ரத்தக் குழாயை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே வண்டு ஒன்று உறுமுவது போல இருக்கும். எனக்கு அது பெரிய ஆச்சரியம். பஸ்ஸில் அவன் தூங்கும்போது மெதுவாக விரலை வைத்துப் பார்ப்பேன். கண்ணைத் திறக்காமலே சொல்வான்.

"இன்னாக்கா, ஓடுதா?"

"ஓடுதுடா."

"அப்ப உட்டுட்டுத் தூங்கு."

அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. ஏணி ஏறினால் தலை சுற்றும். வேலையை விட்டுவிடச் சொன்னால் கேட்க மாட்டான். அதனால் நான் கம்பெனியை விட்டேன். சுவரில் ஓட்டை போடுவதும், ஏணி ஏறுவதும், ஒயர் இழுப்பதும், பெட்டி தூக்குவதும் என் வேலை. கீழே உட்கார்ந்து லேப்டாப்பில் அடிப்பது அவன் வேலை.

நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை விழுப்புரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் சென்டரில். நான் சுடிதார் மேல் அவனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஏணியில் நின்றேன். அந்த சென்டர் நடத்தும் அம்மா வந்து பார்த்துவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா தம்பி, பொம்பளப் புள்ள மேல ஏறிக்கினு இருக்குது, நீ கீழ குந்திக்கினு டொக்கு டொக்குன்னு தட்டிக்கினு கீற. வெக்கமா இல்ல?"

"எனக்கு ஒசரம்னா பயம்ங்க."

"இவ்ளோ ஒசரம் வளந்துட்டு ஒசரம்னா பயமா?"

"அதாங்க பயம். இதுக்கு மேல போனா எங்க போயி முட்டுவேன்னு."

அந்த அம்மா சிரித்துவிட்டுப் போனார். உடம்புக்கு முடியாது என்று அவன் எந்த இடத்திலும் சொன்னதில்லை. சொன்னால் வேலை கொடுக்க யோசிப்பார்கள் என்பான்.

அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. அந்த சென்டரில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அவன் போய் உட்கார்ந்து ஒரு நம்பர் வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று கடைசி நம்பர் மட்டும் மாறும். அதுதான் அந்த கம்ப்யூட்டரின் விலாசம், ஒரே நம்பரை இரண்டுக்கு வைத்துவிட்டால் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு நின்றுவிடும் என்றான்.

"எல்லாத்துக்கும் நீயே போய் வெக்கணுமா? தானா எடுத்துக்காதா?"

"எடுத்துக்கும். டிஎச்சிபின்னு ஒண்ணு இருக்குது. ஸ்விட்சுலயே போட்டு வெச்சிட்டா, யார் வந்து கேட்டாலும் ஒரு நம்பர எடுத்துக் குடுத்துடும்."

ஸ்விட்ச் என்று அவன் சொன்னது சுவரில் லைட் போடுகிற ஸ்விட்ச் இல்லை. ஒரு முழ அகலத்துக்கு ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. முன்னால் இருபத்துநான்கு ஓட்டை. எல்லா ஒயரும் அதில்தான் வந்து சேரும்.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். வளவனூர் தாண்டியதும் அவனை எழுப்பினேன்.

"டேய், ஒண்ணு இடிக்குது. அந்த கம்ப்யூட்டருக்கு விலாசமே இல்ல. விலாசம் குடுங்கன்னு கேக்குது. சரி. பதில் எந்த விலாசத்துக்கு வரும்?"

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. கேலி செய்யப் போகிறான் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"ஆமா இல்ல? நான் இத யோசிச்சதே இல்லக்கா. பரிச்சையில அஞ்சு மார்க்குக்கு எழுதிட்டு வந்துட்டேன்."

ஒரு வாரம் கழித்து அவனே படித்துவிட்டு வந்து சொன்னான். அதுவும் டயாலிசிஸ் வார்டில், அவன் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு கூச்சல் போடுமாம். தெருவில் நின்று "யாராவது இருக்கீங்களா, எனக்கு ஒரு நம்பர் வேணும்" என்கிற மாதிரி. செய்யும்போதே அதற்கு கம்பெனியில் ஒரு அடையாளம் குத்தி அனுப்பியிருப்பார்கள். அதையும் சேர்த்துச் சொல்லும். ஸ்விட்ச் அந்த அடையாளத்தைப் பார்த்து, "இந்தா, இருபத்திமூணு காலியா இருக்குது" என்று சொல்லும். கம்ப்யூட்டர் "சரி, இருபத்திமூணே எடுத்துக்கறேன்" என்று மறுபடி கூவும். ஸ்விட்ச் "எடுத்துக்கோ" என்று முடிக்கும்.

"அதான் குடுத்துட்டாங்க இல்ல, அப்பறம் ஏன் எடுத்துக்கறேன் எடுத்துக்கறேன்னு கூவுது?"

"ரெண்டு பேர் குடுத்திருந்தா? யாருகிட்ட வாங்கிக்கறேன்னு சொல்லணுமா இல்லியா? ரெண்டு எடத்துல பொண்ணு பாக்கறாங்க. ஒரு எடத்துக்குதானே சரின்னு சொல்லி அனுப்புவாங்க?"

"என்னப் பாத்துட்டுப் போன வல்லத்துக்காரன் ரெண்டு மாசமா ஒண்ணும் கூவலியே."

"அவன் ஆஃப் ஆயிட்டான்க்கா. வுடு."

பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரியவரும் சேர்ந்து சிரித்தார். எங்கள் பேச்சில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது.

அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் நான் ஸ்விட்சின் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். ஒரு கம்ப்யூட்டரை ஆன் செய்தால், கொஞ்ச நேரத்தில் எல்லா ஓட்டையிலும் பச்சை லைட் ஒரே சமயத்தில் ஒரு தடவை துடிக்கும். அந்தக் கூச்சல் எல்லா ஒயரிலும் போகிறது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்னைப் பெயிலாக்கிய கணக்கு வாத்தியாரைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் போல இருந்தது.

திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடை. கீழே பாத்திரம், மேலே இரண்டு மாடி துணி. பில் போட மட்டும் பதினான்கு கம்ப்யூட்டர். பழைய ஆள் யாரோ எல்லாவற்றுக்கும் கையால் நம்பர் வைத்துவிட்டுப் போயிருந்தார். கூட்டத்தைப் பார்த்து பில் கவுண்டரை மாடிக்கு மாடி மாற்றுவார்கள். புதிதாக ஒன்று வாங்கினால் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அப்படியே நம்பர் வைத்துவிடுவார்கள். இரண்டு கவுண்டர் ஒரே நம்பரில் முட்டிக்கொள்ளும். புடவைக்கு வரிசையில் நிற்கும் சனம் கத்தும். ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் இதைச் சரி செய்ய வேண்டும் என்று முதலாளி என் தம்பியைக் கூப்பிட்டார்.

முதலாளி எண் கணிதம் பார்ப்பவர். கார் நம்பர், போன் நம்பர், கடைக் கதவு நம்பர் எதிலும் கூட்டினால் எட்டு வரக் கூடாது.

"தம்பி, அந்த மிஷினு தானா நம்பர் குடுக்கும்ங்கற. எட்டு குடுத்துட்டா?"

"எட்ட எடுத்து ஓரமா வெச்சிடலாம்ங்க. குடுக்காது."

"எட்டு மட்டுமில்ல. பதினேழு? இருபத்தாறு? கூட்டினா எட்டு வரதெல்லாம்?"

"எல்லாத்தையும் வெச்சிடலாம்ங்க."

வெளியே வந்து நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "அவர் கடைக்கா. அவர் நிம்மதியா தூங்கணும் இல்ல" என்றான்.

ஸ்விட்ச் சென்னையிலிருந்து வருவதற்கு நாளாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆடித் தள்ளுபடி தொடக்கம். புதன்கிழமை சாயங்காலம்தான் பார்சல் கைக்கு வந்தது. வியாழக்கிழமை டயாலிசிஸ். அதைத் தள்ளிப் போட முடியாது. அவன் முகம் அப்போதே ஊதியிருந்தது. புதன் ராத்திரி வீட்டில் வைத்து ஸ்விட்சுக்குப் பாஸ்வேர்டு, அதன் சொந்த நம்பர் எல்லாம் போட்டுப் பதிந்துவிட்டான். டிஎச்சிபி மட்டும் பாக்கி. கடையில் இருக்கும் பிரிண்டர்களின் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் அதைப் போட வேண்டும்.

"நீ போக்கா. நான் போன்ல சொல்றேன், நீ அடி."

"டேய், எனக்கு இங்கிலீசு எழுத்துதான் தெரியும், வார்த்த தெரியாது."

"எழுத்து தெரிஞ்சா போதும். நான் எழுத்துதான் சொல்லுவேன்."

எங்களுக்குள் ஒரு பாஷை இருந்தது. கறுப்புத் திரையில் வரி முடியும் இடத்தில் அம்பு முனை மாதிரி ஒரு குறி வந்தால் அதற்கு மூக்கு என்று பெயர். குறுக்கும் நெடுக்கும் கம்பி போட்ட மாதிரி வந்தால் ஜன்னல். மூக்கில் நின்றால் ஸ்விட்ச் வெறுமனே வேடிக்கை பார்க்க விடும். ஜன்னலுக்குப் போனால்தான் மாற்ற விடும்.

வியாழக்கிழமை காலையில் அவன் பாண்டிச்சேரியில் மிஷினில் படுத்திருந்தான். நான் திண்டிவனத்தில் பாத்திரக் கட்டுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் அவனுடைய லேப்டாப். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். நீல ஒயரின் ஒரு முனை லேப்டாப்பில், ஒரு முனை ஸ்விட்சில்.

"இன்னா இருக்குது? மூக்கா ஜன்னலா?"

"ஜன்னல்."

"ஐ, பி, ஒரு எடம் வுடு. டி, எச், சி, பி, எடம் வுடு…"

முதலில் ஒதுக்கி வைக்க வேண்டிய நம்பர்கள். ஒன்றிலிருந்து இருபது வரை பிரிண்டருக்கும் மற்றதுக்கும். பிறகு முதலாளியின் எட்டுகள். இருபத்தாறு, முப்பத்தைந்து, நாற்பத்துநான்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எழுபத்தொன்று வரை வந்து, எண்பதிலிருந்து மேலே மொத்தமாக அடைத்துவிட்டோம். பிறகு எந்தக் குவியலிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், வெளியே போகிற வாசல் எது என்று மூன்று நான்கு வரி. ஒரு எழுத்து தப்பினால் ஸ்விட்ச் அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு சின்னக் கூரைக் குறி வைத்துக் காட்டும். எந்த வாத்தியாரும் எனக்கு அப்படிச் சரியான இடத்தைத் தொட்டுக் காட்டியதில்லை.

கடை மேனேஜர் தலைக்கு மேல் நின்றுகொண்டு, "ஜல்தி ஆவட்டும்மா, நாளைக்கு ஆடி வெள்ளி, பேஜாரு பண்ணாத" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி வரி அடித்ததும் மாடியிலிருந்து பில் போடும் பெண் ஒருத்தி கத்தினாள். "யக்கா, வந்துடுச்சு! எனக்கு இருபத்திரெண்டு!" இன்னொருத்தி, "எனக்கு இருபத்தஞ்சு! அடுத்தவளுக்கு இருபத்தேழு! நடுவுல ஒண்ணு எங்கடி போச்சு?" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனில் தம்பியும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா, இப்ப ரைட்டு குடு. டபிள்யூ, ஆர்…"

அந்தப் பக்கம் மிஷின் கீ கீ என்று கத்தியது. யாரோ ஓடி வரும் சத்தம். ஒரு நர்ஸ், "பிரஷர் எறங்குது, போன வைப்பா மொதல்ல" என்றார். அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"ரைட்டு குடுத்தியாக்கா?"

"குடுத்துட்டேன், குடுத்துட்டேன். நீ போன வை."

கொடுக்கவில்லை. அவன் போனை வைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அவன் வைத்ததும் நான் நீல ஒயரைப் பிடுங்கி, லேப்டாப்பை மூடி, பஸ்ஸுக்கு ஓடினேன். ரைட்டு என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. எல்லாக் கவுண்டரும் ஓடுகிறதே, இனிமேல் என்ன என்று நினைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். மறுநாள் காலையில் மறுபடி கேட்டான்.

"ரைட்டு குடுத்தப்ப ஓகேன்னு வந்துச்சா?"

"வந்துச்சு."

இரண்டாவது தடவையும் பொய். அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த உடம்போடு அவன் திண்டிவனம் பஸ் ஏறியிருப்பான். நான் சொல்லவில்லை.

ஆடி முழுக்கக் கடை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்த வருஷங்களில் கரண்ட் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகும் என்று கணக்கே இல்லை. ஆனாலும் ஸ்விட்ச் இருக்கும் பெட்டிக்குத் தனியாக பேட்டரி இருந்ததால் அது மட்டும் அணையவே இல்லை. முதலாளி போன் செய்து, "தம்பி கை ராசியான கை" என்றார்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் தம்பி போய்விட்டான். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி. அதுதான் எப்போதும் அவனுக்குக் கஷ்டமான இடைவெளி. மூச்சு வாங்கியது. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

ஆயுத பூஜை வந்தது. ஜவுளிக்கடையில் முந்தின ராத்திரியே எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். ஆயுதத்துக்கு அன்று ஓய்வு. எதையும் ஓட விடக் கூடாது. பேட்டரியையும் அணைத்தார்கள். தராசு, கத்தரிக்கோல், மீட்டர் அளவுகோல், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஸ்விட்சுக்கும் மூன்று பொட்டு, பெட்டிக் கதவுக்கு ஒரு பூச்சரம். மறுநாள் விஜயதசமி காலையில் தேங்காய் உடைத்துவிட்டு எல்லாவற்றையும் ஆன் செய்தார்கள். ஒரு கவுண்டரிலும் பில் வரவில்லை. தீபாவளித் துணிக்கு வாசலில் கூட்டம்.

மேனேஜர் எனக்கு போன் செய்தார். "உன் தம்பி இன்னாம்மா பண்ணி வெச்சிட்டுப் போயிக்கிறான்? ஒண்ணும் எழுந்துக்கல."

செத்தவனைப் பற்றி அந்த வார்த்தை வந்ததும் நான் போட்டிருந்த துணியோடு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திண்டிவனம் வந்து இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. ரைட்டு.

கடையில் எனக்கு முன்னால் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும். டையெல்லாம் கட்டியிருந்தார். பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்து உள்ளே போய், கறுப்புத் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். முதலாளி பக்கத்தில் நின்றார்.

"சார், இதுல டிஎச்சிபியே இல்ல. போட்டுட்டு ரைட்டு குடுக்காம போயிருக்கான். நாம சொல்றதெல்லாம் ஸ்விட்சு மனசுல வெச்சிக்கும், கரண்ட் போனா மறந்துடும். ரைட்டு குடுத்தாதான் உள்ள எழுதி வெச்சிக்கும். மொத நாள் படிக்கிறவன்கூட இத மறக்க மாட்டான். அரகொற ஆளுங்க கிட்ட குடுத்தா இப்படித்தான். மொத்தத்தையும் அழிச்சிட்டு நான் புதுசா போட்டுத் தர்றேன்."

மேனேஜர், "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. கேட்கிறவனும் இல்லை, சொல்கிறவனும் இல்லை. இந்த வேலை இனி எனக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயமும் இருந்தது. வீட்டில் இனி நான்தான். ஆனால் அரைகுறை என்ற சொல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. பில் போடும் பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அவன் மறக்கலைங்க" என்றேன். "ரைட்டு குடு குடுன்னு அவன் சொன்னான். ரெண்டு வாட்டி கேட்டான். குடுத்துட்டேன்னு நான்தான் பொய் சொன்னேன். அப்ப அவனுக்கு ஒடம்பு முடியல, ஆஸ்பத்திரில மிஷின்ல படுத்துக்கினுதான் சொல்லிக் குடுத்தான். தப்பு என்து."

 மேனேஜர், "ஆஸ்பத்திரிலயா? ஊர்ல வேற வேலையா இருக்கறேன்னு சொன்னானே" என்று முணுமுணுத்தார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "திரும்ப அதையே போட உனுக்குத் தெரியுமா?"

"ஒரு அரமணி குடுங்க. பாக்கறேன்."

பாண்டிச்சேரிக்காரர் சிரித்தார். "சார், வெளில கூட்டம் நிக்குது. நான் பத்து நிமிஷத்துல போட்டுடுவேன். நேரா ஒண்ணுலேர்ந்து எரநூறு வரைக்கும் தொறந்து வுட்டா முடிஞ்சுது."

"எட்டு?" என்றார் முதலாளி.

"எந்த எட்டு சார்?"

"எட்டு, பதினேழு, இருபத்தாறு. அதெல்லாம் வரக் கூடாதே."

"நம்பர்ல இன்னா சார் இருக்குது? மிஷினுக்கு ராசியா பலனா?"

முதலாளி முகம் மாறிப்போனது. "எழுந்திருங்க. அந்தப் பொண்ணு குந்தட்டும்."

உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வரைக்கும் போய்விட்டேன். ஐ, பி, டி, எச், சி, பி வரைக்கும் கை தானாக அடித்தது. அதற்கு மேல் காதில் அவன் குரல் இல்லை. வேர்த்துவிட்டது. தம்பி அடிக்கும்போது நடுநடுவில் கேள்விக்குறி போடுவான். அவனுக்கும் சந்தேகம் வருகிறது போல என்று நான் நினைத்திருந்தேன். வேறு ஒன்றும் தோன்றாமல் நானும் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

திரை தானாக ஓடியது. இதற்கு அடுத்து என்னென்ன வார்த்தை வரலாம் என்று ஸ்விட்ச் ஒரு பட்டியலே போட்டுவிட்டது. அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதில் ஒரு வார்த்தையின் எழுத்துகள் அன்றைக்குத் தோளில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்த அதே எழுத்துகள். இ, எக்ஸ், சி. அதை அடித்தேன். மறுபடி கேள்விக்குறி. இங்கே முதல் நம்பர் போடு என்றது போலிருக்கிறது. போட்டேன். மறுபடி கேள்விக்குறி. ஒரு ஊமையிடம் வழி கேட்டுக்கொண்டு போகிற மாதிரி போனேன். எவ்வளவு கேட்டாலும் அதற்குச் சலிப்பே இல்லை. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அடுத்து என்ன காட்டும் என்றுதான் இருந்தது.

எட்டுகளை நினைவிலிருந்து சொல்ல முடியவில்லை. பில் போடும் பெண்தான் கண்டுபிடித்தாள். "இருபத்தாறோட ஒம்போது கூட்டுக்கா, முப்பத்தஞ்சு. அதோட ஒம்போது, நாப்பத்திநாலு. ஒம்போது ஒம்போதா போனா எட்டு எட்டா வருது!" கணக்கில் பெயிலான நான் அதைக் கேட்டு, ஏன் அப்படி வருகிறது என்று ஒரு நிமிஷம் கையை எடுத்துவிட்டு யோசித்தேன். மேனேஜர், "அத அப்பால யோசிம்மா" என்று கத்தினார்.

பாண்டிச்சேரிக்காரர் போகவில்லை. என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நான் திணறியபோது, "நெட்வொர்க் நம்பருக்குக் கடைசில சைபர் போடும்மா" என்று மட்டும் சொன்னார். போட்டேன். மாடியிலிருந்து முதல் கவுண்டர் கத்தியது. பிறகு ஒவ்வொன்றாக.

நான் ரைட்டு கொடுத்தேன். டபிள்யூ, ஆர், அதற்கு மேல் கேள்விக்குறி போட்டுக் கேட்டுக்கேட்டு முழுதாக. இரண்டு நொடி ஒன்றும் வரவில்லை. பிறகு அடைப்புக்குறிக்குள் ஓகே என்று வந்தது. அதைத்தான் அவன் கேட்டான். எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேட்டரிய அணைச்சிட்டுப் போடுங்க" என்று முதலாளியிடம் சொன்னேன். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். முதலாளி தானே போய் அணைத்தார், போட்டார். ஸ்விட்ச் எழுந்து வர ஐந்து நிமிஷம் ஆனது.  பிறகு எல்லா லைட்டும் எரிந்தது. எல்லாக் கவுண்டருக்கும் நம்பர் வந்தது.

கூட்டத்தை உள்ளே விட்டார்கள். பாண்டிச்சேரிக்காரர் பையை எடுத்துக்கொண்டு போகும்போது என்னிடம் நின்றார். "போன்ல எழுத்து எழுத்தா சொல்லியா போட்டான்? எட்டெல்லாம் தள்ளி வெச்சா?"

"ஆமாங்க."

"அரகொறன்னு சொன்னது தப்பும்மா" என்றார். அதை முதலாளி இருக்கும் இடத்தில் போய் இன்னொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்தக் கடைக்கு இன்றைக்கும் நான்தான் போகிறேன். இன்னும் ஆறு இடத்துக்கும். இப்போது டிஎச்சிபி போட யாரையும் கேட்பதில்லை, ஸ்விட்சைத் தவிர. வெளியில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவனிடம் மட்டும் சொல்லவில்லை. ஓகே வந்ததென்று நம்பிக்கொண்டேதான் போனான். செத்துப்போனவர்களுக்கு இதெல்லாம் தெரியவருமா என்று எங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். தெரியாதும்மா, எனக்கும் அது தெரியாது, ஆனா ஜெபம் போய்ச் சேரும் என்றார். எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் சர்ச்சுக்குப் போகிறவரோ, கோயிலுக்குப் போகிறவரோ, கோட்டக்குப்பம் பக்கம் தொழுகைக்குப் போகிறவரோ, யாராக இருந்தாலும் சரி. இருபத்துநான்கு வயதில் போன என் தம்பி செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. அவன் ஆத்துமா நிம்மதியாக இருக்க, உங்கள் சாமியிடம் உங்கள் வார்த்தையில் அவனுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.